முகத்தைப் பார்த்து ஃபிளாஷ் அடிக்காதீர்கள்

ஃபிளாஷ் போட்டால் முகம் கெட்டுவிடும் என்பவர்கள் பெரும்பாலும் அதை நேராக முகத்திலேயே அடித்துப் பார்த்தவர்கள். கேமரா பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் போனால் மூக்குக்கும் தாடைக்கும் நிழலே விழாது, முகம் தட்டையாகிவிடும். போதாக்குறைக்கு நம்ம சென்னைப் புழுக்கம். வியர்வையும் எண்ணெயும் வடியும் நெற்றியில் அந்தச் சின்ன ஃபிளாஷ் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். பட்டுப்புடவை ஜரிகையும் நேர் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் நெசவு எழும்பித் தெரியும்.

சரி, கேமராமேல் மாட்டிய ஃபிளாஷின் தலையைத் திருப்புகிறோம். உடனே எல்லோரும் செய்வது, நேர் மேலே சீலிங்கைப் பார்த்து வைப்பது. உச்சந்தலையில் வெளிச்சம் கொட்டி, கண்குழி இருண்டு, மணப்பெண் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் மாதிரி ஆகிவிடுவார். (உண்மையிலேயே தூங்கியிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.) தலையைப் பக்கவாட்டிலோ உங்கள் தோளுக்குப் பின்னாலோ சாய்த்து வெள்ளைச் சுவரில் அடியுங்கள். அந்தச் சுவரே பெரிய விளக்காகிவிடும். விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும். ஆள் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறாரோ அந்தப் பக்கச் சுவர்தான் நல்லது. வெளிச்சம் நேராக அவர்மேல் கசியாமலிருக்க ஒரு கறுப்பு ஃபோம் துண்டை ரப்பர் பேண்ட் போட்டு ஃபிளாஷில் கட்டிவிடுங்கள்.

சுவரின் நிறத்தைப் பார்க்காமல் அடிக்காதீர்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் இப்படிச் சுவரில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் (இதுதான் பவுன்ஸ்) முகமும் பச்சைதான். மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு விட்டங்கள் வெளிச்சத்தைக் குடித்துவிடும். அங்கே சுண்ணாம்புச் சுவரைத் தேடுங்கள். பெரிய மண்டபங்களில் சீலிங் எட்டாத உயரம், மணவறைக்கு மேலே பூ அலங்காரம் வேறு. பக்கத்துத் தூணோ, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரோகூட உதவுவார்.

பவுன்ஸ் செய்யும்போது வெளிச்சம் இரண்டு ஸ்டாப்பாவது குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதை மறந்து ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி என்று வைத்தால் ஃபிளாஷ் திணறும். பின்னாலுள்ள மண்டபமும் கறுப்பாகிவிடும். ஐஎஸ்ஓ 800 முதல் 1600, லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் 1/100 என்று தொடங்கிப் பாருங்கள். 1/100 ஏன் என்றால், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும் தொல்லை குறையும். மண்டப விளக்கு மஞ்சளாக இருந்தால் ஃபிளாஷுக்கு ஆரஞ்சு நிற ஜெல் தாள் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் இரண்டு ஊர்ப் படம் மாதிரி இருக்கும்.

டிடிஎல்லை, அதாவது லென்ஸ் வழியே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷின் பலத்தைக் கேமராவே முடிவுசெய்யும் முறையை, கண்மூடி நம்பவும் கூடாது. வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை ஃபிரேமை நிறைத்து நின்றால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி கேமரா ஃபிளாஷைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், மாநிற முகம் கறுத்துப்போகும். ஃபிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா முடிவுசெய்த ஃபிளாஷ் பலத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். ரிசப்ஷனில் கறுப்பு கோட் என்றால் இதற்கு நேர்மாறு.

வெளிச்சத்தைப் பரப்ப ஃபிளாஷ்மேல் மாட்டும் பிளாஸ்டிக் டிஃப்யூசர் மூடி பற்றி என் கருத்து கடுமையானது. சின்ன அறையில் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் அது ஏதோ செய்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் அது எதில் பட்டுத் திரும்பும்? பேட்டரிதான் தீரும். காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஆளுக்குப் பின்னால் வரும். அங்கே ஃபிளாஷை நேராகவே அடிக்கலாம். ஆனால் −1 அல்லது −2க்கு இறக்கி, முகத்தின் இருட்டைப் போக்கும் அளவுக்கு மட்டும். ஷட்டரும் 1/200ஐத் தாண்டினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு ஓரம் கறுத்துவிடும். ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டருக்கும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும் முறை) போட்டால் அது சரியாகும், ஆனால் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும்.

மேக்கப் போடுபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சிலிகா கலந்த பவுடர் சில, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமில்லை. நேர் ஃபிளாஷில் கண்ணுக்குக் கீழே மாவு பூசியது போல் வெளுக்கும். முன்கூட்டியே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டால் துடைக்க நேரமிருக்கும்.

தாலி கட்டும் நேரம் தனி. நேர் ஃபிளாஷில் வெளிச்சத்தின் பலம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்: இரண்டு மடங்கு தள்ளியிருப்பவருக்கு நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால் லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் அட்சதை வெள்ளைப் பொட்டுகளாக எரிந்து, தூரத்திலிருக்கும் மாப்பிள்ளையின் முகத்தையே மறைத்துவிடும். சுவரிலிருந்து வரும் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். அந்த நேரத்தில் ஃபிளாஷ் முழு பலத்தில் இருக்கவும் வேண்டாம். மறுபடி சார்ஜ் ஆவதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும். ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றி, மேனுவலில் 1/4 பலம் வைத்து, கெட்டிமேளத்துக்கு முன்பே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.