பழைய சிறையில் நிறுவல் கலை: செய்யக்கூடாதவை

கோவை காந்திபுரத்தில் இறங்கி நஞ்சப்பா ரோட்டில் நடந்தால் மத்திய சிறையின் மதில் கூடவே வரும். 1872இல் தொடங்கிய சிறை. அதன் நிலத்தில் ஒரு பகுதி இப்போது செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. சிறையே ஊருக்கு வெளியே போகும் பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. பழைய கட்டடங்கள் அருங்காட்சியகமானால் உள்ளே என்ன நிறுவல் கலை (பொருள், சத்தம், வெளிச்சம் வைத்து ஓர் இடத்தையே படைப்பாக்குவது) செய்யலாம் என்று ஓவியம் படிக்கும் பிள்ளைகள் இப்போதே நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான திட்டங்களில் முதல் பக்கத்திலேயே ஒரு செக்கு இருக்கிறது.

வ.உ.சி. 1908 முதல் 1910 வரை இங்கே கைதியாக இருந்தார். மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கை ஃபைபரில் செய்து, பக்கத்தில் ஒரு சங்கிலி போட்டு, சிவப்பு விளக்கு அடித்து, ஸ்பீக்கரில் முனகல் சத்தம் விடுவது. இதுதான் நான் பார்க்கும் தவறுகளில் பெரியது. அந்த மண்ணில் நடந்ததே போதுமான கனம். அதற்குப் போலி செய்து வைத்தால் கனம் குறையுமே தவிர, அதிகமாகாது. வருபவர் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அப்போ செக்கைத் தொடவே கூடாதா? தொடலாம். ஒரு காலிக் கொட்டடியில் புண்ணாக்கு வாசம் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசம் வீட்டு வாசம். மாட்டுத்தொட்டியில் கரைத்த புண்ணாக்கு. அதே வாசம் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தால், நின்றுவிடுவார்கள். அல்லது செக்கைச் சுற்றிவரும் அளவில் தரையில் ஒரு வட்டம் மட்டும் போடுங்கள். நடந்து பார்க்கட்டும்.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2014இல் அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையில் இப்படித்தான் செய்தார். 1963இல் மூடிய சிறை அது. அங்கிருந்த மருத்துவப் பகுதியில் பழைய வாஷ்பேசினிலும் கழிப்பறைக் கோப்பையிலும் தொட்டியிலும் வெள்ளைப் பீங்கான் பூக்களை நிரப்பினார். விலங்கு இல்லை, ரத்தம் இல்லை. அவரே 2011இல் 81 நாள் காவலில் இருந்தவர். பாஸ்போர்ட் பறிக்கப்பட்டதால் அந்தத் தீவுக்கு வரமுடியாமல் பெய்ஜிங்கில் இருந்தபடியே எல்லாவற்றையும் செய்து அனுப்பினார். அடைபட்டவர் கையிலிருந்து வந்தது பூ என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்து, ஸ்டூடியோவில் ஏற்கெனவே முடித்த வேலையைக் கொண்டுபோய்க் கொட்டடியில் வைப்பது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இதே பொருளைக் கொடிசியா கண்காட்சி அரங்கில் வைத்தாலும் இப்படியே இருக்குமா என்று கேளுங்கள். இருக்கும் என்றால் அது அந்த இடத்துக்கான வேலை இல்லை. ஃபிலடெல்பியாவில் 1829இல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. 2005இல் ஜேனட் கார்டிஃபும் ஜார்ஜ் மில்லரும் அங்கே ஒரு தொகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரச் சுத்தியல்களைப் பொருத்தினார்கள். கொட்டடிகளில் கிடந்த பழைய சாமான்கள்மீதே அவை தட்டும். ஒரு தட்டு, பதிலுக்கு இன்னொன்று, பிறகு தாளம், கடைசியில் கலவரம். பேச்சு தடைசெய்யப்பட்ட இடத்தில் தட்டுதல்தான் பேச்சு. அந்த வேலையை வேறு கட்டடத்துக்குத் தூக்கிப்போனால் பாதி செத்துவிடும்.

பெரிய பெயர்களோடு நின்றுவிடுவதும் தவறு. சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அவர்களைப் பற்றி ஒன்று செய்கிறீர்கள் என்றால் பலகையில் மலையாளமும் வேண்டாமா?

அப்புறம், உள்ளே இருந்தவர்கள் மட்டுமா சிறை? வெளியே நின்றவர்கள்? ‘மனு பார்க்க’, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க வந்து மதிலோரம் காத்திருந்த அம்மாக்கள், மஞ்சப்பையில் பழமும் துணியும். கோபிப் பக்கம் ஒரு அம்மாவிடம் அவர் மகனின் கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு மாணவிக்காகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “கடுதாசி வேண்டாங் கண்ணு. அவனுக்கு இப்போ புள்ளைக இருக்குது. நான் நின்னதை வேணும்னா போடுங்க” என்றார். மாணவி கடிதத்தை விட்டுவிட்டு, வெயில் நகர நகர அந்த அம்மா எங்கெங்கே தள்ளி நின்றார் என்பதை மணி வாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கைதி எண், கையெழுத்து, புகைப்படம் எதுவானாலும் சம்பந்தப்பட்டவரோ குடும்பமோ சரி என்று சொல்லாமல் எடுக்காதீர்கள். காப்பக அனுமதி வேறு, அவர்கள் சம்மதம் வேறு.

சுவர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு பழைய பஞ்சு குடோனில் நூல் தொங்கவிட ஆணி அடித்தேன். இரண்டாவது அடியில் உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. கீழே குனிந்து பார்த்தால் உதிர்ந்த துண்டின் உள்பக்கம் ஈரம். மேலே யாரோ கரியால் போட்ட நாலு கோடும் ஒரு குறுக்குக் கோடும் இரண்டாக உடைந்து கிடந்தது. மூட்டைக் கணக்கு. அதை ஒட்டவைக்க முடியவில்லை. சிறைச் சுவரில் அப்படி ஒரு கோடு நாள் கணக்காக இருக்கலாம். ஆணி, ட்ரில், இரண்டுபக்க டேப், எமல்ஷன் பெயின்ட் எதுவும் சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாது. சுண்ணாம்பு மூச்சு விடும்; பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளிவிடும். தரையில் தானாக நிற்கும் சட்டம் செய்துகொள்ளுங்கள். நம் ஊர் லேத் பட்டறைகளில் அளவு சொன்னால் செய்து தருவார்கள். சட்டத்தின் காலுக்கு அடியில் ரப்பர் வையுங்கள்.

சத்தம் வைப்பவர்கள் ஒரு கொட்டடியில் மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். வளைவுக் கூரையில் அது வராந்தா முழுக்க ஓடும், பக்கத்து வேலையைக் கெடுக்கும். அல்காட்ராஸில் ஐ வெய்வெய் கொட்டடிக்கு ஒரு ஸ்டூல் போட்டு, ஒருவர் உட்கார்ந்து கேட்கும்படி வைத்தது நல்ல பாடம். வெளிச்சத்துக்கும் அதே கவனம் வேண்டும். உயரத்தில் இருக்கும் சின்ன சன்னல் வழியே வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு முழுநாள் உட்கார்ந்து குறித்த பிறகு லைட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.

விளக்கப் பலகை நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, கழற்றும் நாளையும் ஆரம்பத்திலேயே திட்டமிடுங்கள். வேலை தொடங்கும் முன் கொட்டடியின் நாலு சுவரையும் தரையையும் கூரையையும் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதியை அருங்காட்சியகத்திடம் கொடுங்கள். கழற்றிய அன்று அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.