காலி செய்து போனவரிடம் வாடகை பாக்கியை வாங்குவது எப்படி?

வாடகை பாக்கியை வசூலிக்கும் வேலை சாவி கைமாறும் அன்றே தொடங்கிவிட வேண்டும். சிங்கப்பூரில் ஈசூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற வேண்டி வந்தபோது, சாவியை வாங்குவதற்கு முன் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதவைத்தேன். மூன்று மாத வாடகை 7,800 வெள்ளி. முன்பணம் 2,600 கழித்து அவர் தர வேண்டியது 5,200. அதன்கீழ் தரும் தேதி, அடுத்துத் தங்கப்போகும் முகவரி, கையெழுத்து.

"சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன் அக்கா, எழுத்தெல்லாம் எதற்கு?" என்றார்.

"தருவீர்கள் தம்பி. எழுதியும் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. அப்போது அந்தத் தாள்தான் கைகொடுத்தது. முகவரி வாங்காமல் விட்டுவிடாதீர்கள். வழக்கு அறிவிப்பு போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

எழுதிக் கொடுத்த தேதி தவறியதும், பணம் கட்டக் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கெடுவும் தாண்டினால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. குத்தகை இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வீடாக இருக்க வேண்டும். பாக்கி 20,000 வெள்ளிக்குள், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இணையத்திலேயே மனுச் செய்யலாம், வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. பாக்கி விழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மன்றத்துக்குப் போய்விட வேண்டும். பாவம் பார்த்துத் தள்ளிப்போட்டுக் காலக்கெடுவை இழந்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தாமதமானால் அபராதத்தோடு கட்டிவிடலாம்.

கோபத்தில் அவர் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவது, வேலையிடத்துக்குப் போய்ச் சத்தம் போடுவது இரண்டும் வேண்டாம். 2014ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் உங்கள்மீதே பாயலாம்.

மன்றத்தில் முதலில் சமரசம் பேசுவார்கள். தவணைக்கு ஒப்புக்கொண்டால் அதை மன்ற ஆணையாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆணைக்குப் பிறகும் கட்டாதவரின் வங்கிக் கணக்கை முடக்கிப் பணத்தைப் பெற அமலாக்க ஆணை கோரலாம். அவர் முன்பு தந்த காசோலையைப் பத்திரமாக வைத்திருந்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அமலாக்கச் செலவை முதலில் நாம்தான் கட்ட வேண்டும். கணக்கில் பணம் இருக்க வாய்ப்புண்டா என்று யோசித்துவிட்டு மனுவைப் போடுங்கள்.