அதல பாதாளம்: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் மீனோடு கரை திரும்பியதும் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பேச்சு காதில் விழும்: “விலை அதாள பாதாளத்துக்குப் போயிடுச்சு!”

பேச்சில் ‘அதாள’ என்றாலும் எழுதும்போது ‘அதல’ என்பதே சரி. பூமிக்குக் கீழே ஏழு உலகங்கள் உண்டு என்று புராணங்கள் சொல்கின்றன. அவற்றில் முதலாவது அதலம், கடைசி பாதாளம். நடுவில் உள்ள விதலம், சுதலம் எதிலும் நிற்காமல் நேராக அடியைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டால் சொல்லின் வேகம் பிடிபடும்.

அதனால் சட்டென்று நேரும் பெரிய சரிவுக்குத்தான் இது பொருந்தும். பங்கு விலை, செல்வாக்கு, மதிப்பெண் எதற்கும் சொல்லலாம். கிலோவுக்கு பத்து ரூபாய் குறைந்ததற்கெல்லாம் பாதாளத்தைக் கூப்பிட வேண்டாம்!

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா? அதற்கு ‘கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது’ இருக்கிறது. ஒருவர் தொழிலில் பணமிழந்து வீழ்ந்தால் ‘நொடித்துப் போனார்’ என்பதே இயல்பு.

அப்புறம், ‘அதல பாதாளத்தில் உயர்ந்தது’ என்று ஒரு துண்டறிக்கையில் பார்த்தேன். பாதாளத்துக்கு இறங்கத்தான் முடியும். ஏறுவதற்கு ‘கிடுகிடுவென’ போதும்.