கண்ணை மூடினால் விளக்கு எரியும்: மூளை-கணினி இணைப்பில் முதல் பாடம்

மூளையின் அலைகளைப் பிடித்துக் கணினிக்கான கட்டளையாக்கும் மூளை-கணினி இணைப்பு என்றதும் மண்டையோட்டைத் திறந்து சில்லு பதிப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கற்கத் தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை. கண்ணை மூடியதும் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் நம் இலக்கு. ஆனால் அதை எரியவைப்பது இமையின் அசைவாக இருக்கக்கூடாது. மூளையில் எழும் அலையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குத் துறையின் பாதி கைவந்துவிட்டது என்பேன்.

படி 1: எதை அளக்கிறோம்?

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்ததும் ஒரு மில்லிநொடி அளவே நீடிக்கும் துடிப்பு பிறக்கிறது. தலைத்தோலில் நாம் பிடிப்பது இந்தத் துடிப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் வரிசையாக நிற்கும் கூம்பு நரம்பணுக்களுக்கு மற்ற அணுக்களிடமிருந்து செய்தி வந்து சேரும்போது, அவற்றில் மெதுவான மின்னழுத்த மாற்றங்கள் எழுகின்றன. அவற்றின் கூட்டுத்தொகைதான் வெளியே தெரிகிறது. வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. இங்கும் ஏராளமான அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் அலை வெளியே வரும். அதுவும் மண்டையோட்டைத் தாண்டும்போது சில பத்து மைக்ரோவோல்ட்டாகத் தேய்ந்துவிடும்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையலையை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். விழித்திருந்தபடியே கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலை பின்மண்டையில் ஓங்கும். கண்ணைத் திறந்தால் அடங்கும். நாம் பற்றிக்கொள்ளப்போவது இதைத்தான்.

படி 2: பொருள்கள்

ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை (நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகை), மூளையலைக்கு ஏற்ற பெருக்கி (இந்தியாவில் தயாராகும் பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில் போதும்), தோலிலிருந்து மின்னழுத்தத்தைப் பிடிக்கும் கிண்ண வடிவ எலக்ட்ரோடுகள் மூன்று, மின்கடத்தும் பசை, மடிக்கணினி. மடிக்கணினி பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சார்ஜரைக் கழற்றாமல் எலக்ட்ரோடைத் தலையில் வைக்கவே வைக்காதீர்கள். இதில் விலக்கு எதுவும் கிடையாது.

படி 3: எலக்ட்ரோடு வைத்தல்

இங்கே அவசரம் கூடாது. மூக்கின் வேரில் உள்ள பள்ளத்திலிருந்து, தலைக்கு மேலாக, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 35 செ.மீ. வந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது புடைப்புக்கு மேலே மூன்றரை செ.மீ., நமக்கான இடம். அங்கே முடியை வகிடெடுத்துப் பிரித்து, தோலைத் துடைத்து, பசை நிரப்பிய கிண்ணத்தை அழுத்திவையுங்கள். கிண்ணத்துக்கும் தோலுக்கும் நடுவே முடிக்கற்றை சிக்கினால் மூளையலைக்குப் பதிலாக இரைச்சல்தான் வரும். மற்ற இரண்டும் காதுகளுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மீது: ஒன்று ஒப்பீட்டுக்கு, மற்றது தரை இணைப்புக்கு.

படி 4: சந்தேகப்படுங்கள்

நொடிக்கு 256 அளவீடுகள் எடுத்து வரைபடமாக ஓடவிடுங்கள். பல்லைக் கடித்தால் கோடு அடர்ந்து சிலிர்க்கும். அது தாடைத் தசை. கண் சிமிட்டினால் ஒரு மேடு எழலாம். அது கண்ணிலிருந்து வருவது. 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை, விடாமல் ஓடும் அலை, வீட்டு மின்கம்பிகளின் கைவரிசை. இதை ஒரு வடிகட்டி நீக்கிவிடும்.

இப்போது கண்ணை மூடி, அரை நிமிடம் அசையாமல் இருங்கள். இமை மூடும் கணத்தில் வந்த மேடு உடனே மறைந்துவிடும். அதற்குப் பிறகும் சீரான அலை எழுந்து எழுந்து அடங்கி, மூடியிருக்கும் வரை தொடர்ந்தால் அதுவே ஆல்ஃபா. சிலருக்கு இயல்பிலேயே இது மெலிந்திருக்கும். எதுவும் தெரியாவிட்டால் கருவியைக் குறை சொல்லும் முன் வீட்டில் இன்னொருவரிடமும் பார்த்துவிடுங்கள்.

படி 5: அலையைக் கட்டளையாக்குதல்

இரண்டு நொடிக்கான 512 அளவீடுகளை எடுத்து, அலையை அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கின் வழியே 8–13 ஹெர்ட்ஸ் பகுதியின் ஆற்றலைக் கணக்கிடுங்கள். கண் திறந்த நிலையில் ஒரு நிமிடம், மூடிய நிலையில் ஒரு நிமிடம் பதிந்து, இரண்டு சராசரிகளுக்கும் நடுவே ஓர் எல்லை வகுங்கள். ஆற்றல் அதைத் தாண்டினால் விளக்கு எரியட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் எடுக்கும் துண்டு (சாளரம்) இரண்டு நொடி என்பதால் விளக்கு சற்றுத் தாமதமாகவே எரியும். சாளரத்தைக் குறுக்கினால் வேகம் கூடும், தவறான கட்டளைகளும் கூடும். பெரிய ஆய்வுக்கூடங்களும் இதே பேரத்தோடுதான் போராடுகின்றன.

விளக்கு நம்பகமாக எரியத் தொடங்கியபின், எலக்ட்ரோடை உச்சந்தலையின் இடப்பக்கம், உடலசைவை இயக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணிக்கு மேலே மாற்றுங்கள். வலக்கையை அசைப்பதாகக் கற்பனை செய்தாலே அங்குள்ள 8–13 ஹெர்ட்ஸ் அலை தணியும். இதற்குப் பயிற்சி கூடுதலாக வேண்டும். எல்லையை மறுபடி அளந்து வகுத்தபின், நிரலில் மாற்ற வேண்டியது அதை ஒப்பிடும் ஒரே ஒரு குறியைத்தான்: இம்முறை ஆற்றல் எல்லைக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரியட்டும்.