சென்னையின் ஈரக்காற்றில் பெர்ரிப் பழங்களைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

டிசம்பர் முதல் மார்ச் வரை மகாபலேஸ்வரத்து ஸ்ட்ராபெர்ரி சென்னைப் பழக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வரும் அந்தப் பழத்தை ஆசையாக வாங்கி, டப்பாவோடு அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருக்கும். அது போட்ரைடிஸ் என்னும் பூஞ்சை. பூவாக இருக்கும்போதே தொற்றிக்கொண்டு, பழம் கனியும் வரை வெளியே தெரியாமல் உள்ளே தங்கியிருக்கக்கூடியது. குளிரில் அதன் வளர்ச்சி மெதுவாகுமே தவிர, முற்றிலும் நின்றுவிடாது. ஆகவே ஃப்ரிட்ஜை மட்டும் நம்பியிருக்காமல், அந்தப் பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தைப் பழத்தின் மேல் தங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யவேண்டிய முதன்மையான வேலை.

வாங்கும்போதே டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல் அடுக்கு பளபளவென்று இருந்தாலும், அடியில் சாறு கசிந்திருந்தால் அந்த டப்பா வேண்டாம். மாம்பழத்தைப் போல ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுத்து இனிப்பேறுவதில்லை என்பதால், காம்புப் பக்கம் வெளுத்திருக்கும் பழத்தை நாளை பழுத்துவிடும் என்று எண்ணி வாங்குவதிலும் பயனில்லை. மற்ற சாமான்களையெல்லாம் வாங்கி முடித்த பின் இதைக் கடைசியாக வாங்கி, வெயிலில் வண்டியில் வைத்துவிடாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வந்தவுடன் பழங்களைத் தட்டில் பரப்பித் தரம் பிரிக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததை வெட்டி மீதியைச் சாப்பிடுவது கூடாது. மென்மையான பழங்களில் அது கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் ஆழமாகப் பரவியிருக்கும். நசுங்கியதை மட்டும் தனியே எடுத்து அன்றே சாப்பிட்டுவிடலாம். காம்பையும் பச்சை இலையையும் கிள்ளாதீர்கள், கிள்ளிய இடம் ஒரு காயம்.

கழுவலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: முழுமையாக உலர்த்த முடியுமானால் கழுவலாம், முடியாவிட்டால் சாப்பிடும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம். கழுவுவதாக இருந்தால் ஒரு கப் வெள்ளை வினிகருக்கு மூன்று கப் தண்ணீர் சேர்த்து, அதில் சில நிமிடங்கள் பழத்தை ஊறவைத்து, பிறகு குடிநீரில் அலசுங்கள். வினிகர் வாசனை பிடிக்காதவர்கள் சுமார் 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 வினாடி முக்கி எடுக்கலாம். கொதிநீரும் குளிர்ந்த நீரும் சரிபாதி என்று சொல்லப்படும் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் குழாய்த் தண்ணீரே ஏறத்தாழ 30 டிகிரி இருப்பதால், அப்படிக் கலந்தால் 65 டிகிரியாகிப் பழம் வெந்துவிடும். கொதிநீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் இரண்டு பங்கு என்பதே இங்கே சரியான அளவுக்கு அருகில் வரும். வெப்பமானி இருந்தால் ஐயமின்றிச் செய்யலாம்.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காற்றில் துவைத்த துணியே காயாதபோது, சமையலறை மேடையில் வைத்த பழம் எப்படிக் காயும்? பருத்தித் துணியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். ஏசி ஓடும் அறை இன்னும் நல்லது, ஏனெனில் அது காற்றிலுள்ள ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது.

நன்கு உலர்ந்தபின், அகலமான டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, பழங்களை ஒரே அடுக்காக வைத்து, மூடியைச் சற்றே திறந்தாற்போல் மூடுங்கள். பேப்பர் நனைந்தால் மாற்ற வேண்டும். திறந்து திறந்து மூடப்படும் கதவுப்பக்கத்தைத் தவிர்த்து, நடுத்தட்டின் உட்புறத்தில், 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில் வையுங்கள். மீனோ நறுக்கிய வெங்காயமோ அருகில் திறந்திருந்தால் அந்த வாடை ஸ்ட்ராபெர்ரியில் ஏறிவிடும். இப்படி வைத்தால் நல்ல பழம் ஐந்தாறு நாள் தாங்கும்.

இந்த ஊரில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. குளிர்ந்த டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்த சில நிமிடங்களில், செம்புத் தண்ணீரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதைப் போலப் பழத்தின் மேலும் ஈரம் படியும். அதைத் திரும்ப உள்ளே வைப்பது, கழுவித் துடைக்காமல் வைப்பதற்குச் சமம். வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

ப்ளூபெர்ரியின் மேல் வெண்சாம்பல் போல் படிந்திருப்பது அழுக்கன்று. பழமே சுரந்த மெழுகுப் படலம். அது ஈரம் வெளியேறாமல் காப்பதால், சாப்பிடும் வரை கழுவவோ துடைக்கவோ வேண்டாம். மல்பெரிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான், வாங்கிய அன்றே தீர்ப்பது நல்லது.

வாரத்துக்குள் தீராது என்று தெரிந்தால், கெடும் வரை காத்திராமல் முதல் நாளே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கழுவி, உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் தனித்தனியாக வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் கல்லாக இறுகியபின் காற்றில்லாமல் பையில் அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. −18 டிகிரியில் பல மாதம் இருக்கும். உருகியதும் குழைந்துவிடும் என்பதால், மில்க் ஷேக்குக்கும் ஜாமுக்கும் உறைந்த நிலையிலேயே எடுத்துப் பயன்படுத்துங்கள்.