விடுமுறைக்கு மலையகம் வருபவர்கள் சொந்த ஊரை அனுபவிக்கும் வழி

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சித்திரைப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ ஊர் திரும்பினால், மறுநாளே வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போய், கிரகரி வாவிக் கரையின் நெரிசலில் படம் எடுத்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயம் ஒருமுறை பார்க்கத்தக்கதுதான். ஆயினும் விடுமுறையில் ஒரு நாளையாவது ஊர்ச் சந்தைக்கும் தேயிலைத் தோட்டத்து மைதானத்துக்கும் ஒதுக்கினால், செலவும் குறையும், வாய்க்கு ருசியானதும் கிடைக்கும்.

நாளைத் திட்டமிடுமுன் வானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இவ்விரு பண்டிகைகளும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வருவதால், காலையில் வெயில் எவ்வளவு தெளிவாக அடித்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டக்கூடும். ஆகவே விடியலில் சந்தை, முற்பகலில் ஆட்டம் என்று வைத்துக்கொள்வதே உசிதம்.

சந்தை கூடும் நாள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மலையகத்து மரக்கறியில் பெரும்பகுதி லொறிகளில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்கிவிடுகிறது. எனவே பெரிய கடைகளைத் தாண்டி, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அருகிலுள்ள துண்டு நிலத்தில் பயிரிட்டதைச் சாக்கு விரித்து விற்கும் அம்மாமார்களைத் தேடிப் போவது நல்லது. கரட் வாங்கும்போது பளபளவென்று கழுவியதை விட்டுவிட்டு மண்ணோடு இருப்பதை எடுத்தால் கூடுதல் நாள் தாங்கும். உருளைக்கிழங்கைப் பெருவிரலால் தேய்த்தவுடன் தோல் உரிந்தால் அது அண்மையில் தோண்டியது. பச்சை படர்ந்ததை ஒதுக்கிவிட வேண்டும். இறக்குமதிக் கிழங்கின்மேல் செம்மண்ணைப் பூசி வெலிமடைக் கிழங்கு என்று விற்பவர்களும் உண்டு என்பதால், மண் ஒட்டியிருப்பதை மட்டும் சான்றாக நம்பிவிடக் கூடாது. லீக்ஸின் பச்சை இலையை எறிய வேண்டியதில்லை. நீளவாக்கில் பிளந்து, மடிப்புகளில் புதைந்திருக்கும் மணலைக் கழுவிய பின் நறுக்கிச் சுண்டினால் சோற்றுக்கு அருமையான துணை. ஸ்ட்ரோபெரிப் பெட்டியாக இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.

காலை உணவுக்குக் கொத்து ரொட்டிக் கடையைத் தேடுவது வீண். கோதுமை மாவில் கைத்தட்டாகத் தட்டிய தடித்த ரொட்டியும், செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து இடித்த கட்டச் சம்பலும், சூடான பிளேன்டீயும் போதும். இதை வீட்டில் சுட்டுக் கட்டிக்கொண்டு போய் மைதானத்தில் உண்பது கடையில் உண்பதைவிட ருசிக்கும் என்பது என் கட்சி.

இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம் என்றாலும், தோட்டத்து மைதானங்களில் கூட்டத்தை இழுப்பது சில ஓவர்களே கொண்ட மென்பந்து கிரிக்கெட்தான். பார்க்கப் போகிறவர்கள் மைதானத்தின் விதிகளை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்; பந்து தேயிலைக்குள் விழுந்தால் எத்தனை ஓட்டம் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், விவரம் தெரியாதவர் தவறான நேரத்தில் கைதட்டிச் சிரிப்புக்கு ஆளாவார். மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு ஆட்டமும் தெரியும். ஈரப் புல்லில் அட்டை ஏறும் என்பதால் காலில் சவர்க்காரம் தடவிக்கொள்வது அவசியம். புத்தாண்டுக் காலத்தில் வழுக்கு மரம், கயிறு இழுத்தல், முட்டி (மண்பானை) உடைத்தல் ஆகியவையும் நடக்கும். அவற்றை வேடிக்கை பார்ப்பதைவிடப் பெயர் கொடுத்து இறங்குவதே மேல்.

கொழும்புக்குத் திரும்பும்போது தேயிலை வாங்குவதானால், தொழிற்சாலையோடு சேர்ந்த விற்பனை நிலையத்தில் எப்போது அரைத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாத் தேயிலைக்கு வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் மணம் கூடுதல். பொதியைப் பிரித்தவுடன் காற்றுப் புகாத தகர டப்பாவுக்கு மாற்றி, மசாலாச் சாமான்களுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும்.