இன்னோவாவா, பலேனோவா? பழைய கார் வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

ஆறேழு லட்சம் ரூபாயோடு சென்னையில் பழைய கார் தேடும் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் பஞ்சாயத்து இது. அப்பாவுக்கு 2014 இன்னோவா டீசல், மகனுக்கு 2019 பலேனோ பெட்ரோல். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உடனே இருவரும் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். முதல் தவறு அங்கேதான்.

ஒன்றரை லட்சம் ஓடியிருப்பது இன்னோவாவுக்குக் குறையல்ல. ஆனால் அந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது; எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் ரப்பர் பட்டை அது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்றியாக வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பலேனோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை. அதற்காக, 'தாத்தா ஓட்டியது, இருபதாயிரம்தான் ஓடியிருக்கிறது' என்றதும் மயங்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும்.

பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் டெல்லிக் கதையைச் சொல்கிறார்கள். இங்கே சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. இன்னோவாவுக்கு அது 2029இல் முடியும். பிறகு சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். முன்பு மஞ்சள் போர்டில் வாடகைக்கு ஓடியதா என்பதையும் ஆர்.சி. விவரங்களில் பார்த்துவிடுங்கள்.

சென்னைக்கே உரிய தவறு, வண்டி எங்கே நின்றது என்று கேட்காதது. 2014 வண்டி 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என இரண்டு பெருவெள்ளம் பார்த்திருக்கும். 2019 வண்டி ஒன்று. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் துருவிக் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, பழைய காரில் புத்தம்புதிய தரைவிரிப்பு, இரண்டும் சந்தேகத்துக்குரியவை. அந்த இரண்டு டிசம்பர்களுக்குப் பிறகான சர்வீஸ் பதிவையும் கேட்டு வாங்குங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு வருகிறவர்களை ஊரே கேலி செய்தது. நானாக இருந்தால் அந்த ஆளிடம்தான் தேடிப்போய் வாங்குவேன்.

ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். நண்பகலில், ஏசி போட்டு, ஐந்து பேரோடு கத்திப்பாரா மேம்பாலம் ஏறுங்கள். சிக்னலில் நிற்கும்போது குளிர் குறைகிறதா என்றும் கவனியுங்கள். மூட்டுவலி உள்ள அம்மாவை இன்னோவாவின் உயரத்துக்கு ஒருமுறை, பலேனோவின் தாழ்வுக்கு ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.